‘பேட்டன்ட் இருக்கு’ என்றால் அப்படியே நம்பலாமா? செல்போனிலேயே சரிபார்ப்பது எப்படி?

திருநெல்வேலி டவுனைத் தாண்டி மேற்கே போனால் பேட்டை. ம.தி.தா. இந்துக் கல்லூரி, அரசு ஐடிஐ, சிட்கோ தொழிற்பேட்டை எல்லாம் இங்கேதான். அங்கே சின்னதாக ஒரு லேத், வெல்டிங் பட்டறை நடத்தும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம்.

தாமிரபரணிக் கரையில் வாழைக்குப் பஞ்சமில்லை. தார் வெட்டிய பிறகு வீணாகும் வாழை மரத்திலிருந்து நார் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை அவர் செய்திருக்கிறார். அவர் பார்த்த மற்ற மிஷின்களில் நார் பாதியில் அறுந்துபோகிறது. மட்டை உள்ளே போகும் இடத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்து அதைச் சரிசெய்துவிட்டார்.

பார்த்தவர்களில் ஒருவர் சொல்கிறார்: “அண்ணாச்சி, உடனே பேட்டன்ட் போட்ருங்க. இல்லன்னா எவனாவது காப்பி அடிச்சிருவான்.”

இன்னொருவர் சொல்கிறார்: “வேண்டாம் அண்ணாச்சி. இந்த மிஷினுக்கு ஏற்கெனவே ஒருத்தர் பேட்டன்ட் வாங்கி வச்சிருக்காராம். நீங்க செஞ்சா கேஸ் வரும்.”

முதல் ஆள் சொன்னதை நம்பினால் பணம் வீணாகலாம். இரண்டாம் ஆள் சொன்னதை நம்பினால் நல்ல தொழில் ஒன்று தொடங்கும் முன்பே நின்றுபோகலாம். ஆனால் இருவருமே சரிபார்த்துச் சொல்லவில்லை. சரிபார்க்கக் காசு தேவையில்லை. ஒரு செல்போனும் ஒரு சாயங்காலமும் போதும், முதல் கட்டத் தேடலை முடித்துவிடலாம்.

2023-24 நிதியாண்டில் மட்டும் இந்தியக் காப்புரிமை அலுவலகம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான காப்புரிமைகளை வழங்கியது. உள்நாட்டு விண்ணப்பங்களில் மாநிலங்களுக்குள் தமிழ்நாடுதான் முன்னணி. கல்லூரி நோட்டீஸ், ஸ்டார்ட்அப் விளம்பரம், லிங்க்ட்இன் பதிவு என்று எங்கே பார்த்தாலும் ‘பேட்டன்ட்’ என்ற சொல் கண்ணில் படுகிறது. அது உண்மையா என்று பார்க்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

காப்புரிமை என்றால் என்ன?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் சினிமா பாட்டு வழக்கு என்றாலும் ‘காப்புரிமை’ என்கிறோம், மருந்து வழக்கு என்றாலும் ‘காப்புரிமை’ என்கிறோம். இரண்டும் வேறு வேறு.

பாட்டு, கதை, படம், மென்பொருளின் எழுத்து வடிவம் ஆகியவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை. அல்வாக் கடையின் பெயருக்கும் லோகோவுக்கும் கிடைப்பது வணிகச் சின்னம், அதாவது டிரேட்மார்க். பத்தமடைப் பாய்க்குக் கிடைத்திருப்பது புவிசார் குறியீடு. அது தனி ஒருவருக்குச் சொந்தமல்ல, அந்த ஊர் உற்பத்தியாளர்களுக்குப் பொது. பேட்டன்ட் என்கிற காப்புரிமை ஒரு கண்டுபிடிப்புக்கு, அதாவது ஒரு பொருளுக்கோ அதைச் செய்யும் முறைக்கோ கிடைப்பது.

கண்டுபிடிப்பு மூன்று சோதனைகளில் தேற வேண்டும். உலகில் எங்கும் ஏற்கெனவே வெளியாகாத புதுமை இருக்க வேண்டும். அந்தத் துறை தெரிந்த ஒருவருக்கு ‘இது சட்டென்று தோன்றக்கூடியதுதானே’ என்று இருக்கக் கூடாது. தொழிலில் பயன்பட வேண்டும்.

தேறினால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, உங்கள் அனுமதி இல்லாமல் பிறர் அதைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமை கிடைக்கும். பதிலுக்கு நீங்கள் என்ன தர வேண்டும்? அதை எப்படிச் செய்வது என்பதை, துறை தெரிந்த இன்னொருவர் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்து எல்லோரும் படிக்கும்படி வெளியாகும்.

இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். காப்புரிமை ஆவணம் ரகசியம் அல்ல. உலகம் முழுவதும் பட்டறைகளிலும் ஆய்வகங்களிலும் செய்து பார்த்தவற்றின் செய்முறைக் குறிப்புகள், வரைபடங்களோடு, இலவசமாகக் கிடக்கின்றன.

தேடினால் என்ன கிடைக்கும்? மஞ்சள் சொன்ன பாடம்

1995 மார்ச்சில், காயத்தை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் வீடுகளில் அடிபட்டால் முதலில் கைபோவது மஞ்சள் டப்பாவுக்குத்தான். ஆனால் ‘எங்க பாட்டி காலத்துலேயே இருந்தது’ என்று சொல்வது அங்கே எடுபடாது. வெளிநாட்டில் வாய்வழியாகப் புழங்கிய பழக்கத்தை அன்றைய அமெரிக்கச் சட்டம் ஆதாரமாக ஏற்கவில்லை. அச்சில் வந்திருக்க வேண்டும்.

இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் (சிஎஸ்ஐஆர்) தேடலில் இறங்கியது. சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை என்று 32 ஆதாரங்களைத் திரட்டி, 1996-ல் மறுபரிசீலனை கேட்டது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

வழக்கை வென்று கொடுத்தது கோபமோ பெருமிதமோ அல்ல, தேடல். புதுமை இல்லை என்பதை ஆவணத்தால் காட்ட முடிந்தது, அவ்வளவுதான். பேட்டை பட்டறைக்காரர் செய்ய வேண்டியதும் அதே வேலைதான், சின்ன அளவில்.

எங்கே தேடுவது?

நான்கு இடங்கள் போதும். நான்கும் இலவசம்.

• இன்பாஸ்: இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளம். இந்தியாவில் வெளியான விண்ணப்பங்களும் வழங்கப்பட்ட காப்புரிமைகளும் இதில் இருக்கும். நமக்கு முக்கியமான ‘இப்போது என்ன நிலை’ என்ற விவரமும் இங்கேதான்.

• கூகுள் பேட்டன்ட்ஸ்: செல்போனில் தேட எளிது. பல நாட்டு ஆவணங்கள் மொழிபெயர்ப்போடு கிடைக்கும். சீன மொழியில் உள்ளதைக்கூடப் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

• எஸ்பாஸ்நெட்: ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தளம். ஒரே கண்டுபிடிப்புக்கு எந்தெந்த நாட்டில் விண்ணப்பம் போயிருக்கிறது என்பதைக் குடும்பமாகச் சேர்த்துக் காட்டும்.

• பேட்டன்ட்ஸ்கோப்: ஐ.நா.வின் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தளம். பல நாடுகளுக்குச் சேர்த்துப் போடப்படும் சர்வதேச விண்ணப்பங்களுக்கு இது நல்லது.

இவற்றோடு யூடியூப், கல்லூரி ஆய்வேடுகள், நிறுவனங்களின் விலைப்பட்டியல் ஆகியவற்றையும் பாருங்கள். புதுமையைக் கெடுக்க இன்னொரு காப்புரிமை இருக்க வேண்டும் என்பதில்லை. தேதி தெரியும்படி வெளியான ஒரு வீடியோ போதும்.

எப்படித் தேடுவது?

வாழை நார் மிஷினையே எடுத்துக்கொள்வோம்.

முதல் படி, சொற்கள். ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், அதுவும் நாம் பேசும் ஆங்கிலத்தில் இருக்காது. வாழை மரத்தை ‘பனானா ட்ரீ’ என்று தேடினால் பாதிதான் வரும். தாவரவியலில் அது மரமே இல்லை. அதன் தண்டை ‘சூடோஸ்டெம்’ என்று எழுதுவார்கள். நார் உரிக்கும் மிஷினை ‘எக்ஸ்ட்ராக்டர்’ என்றும் எழுதுவார்கள், ‘டிகார்ட்டிகேட்டர்’ என்றும் எழுதுவார்கள். ‘மியூசா’ என்ற அறிவியல் பெயரிலும் இருக்கும். கற்றாழை நார், சணல் நார் மிஷின்களையும் பார்க்க வேண்டும். உங்கள் யோசனை அங்கே ஒளிந்திருக்கலாம்.

இரண்டாம் படி, வகைப்பாட்டு எண். நூலகத்தில் புத்தகத்துக்கு அலமாரி எண் இருப்பதுபோல ஒவ்வொரு காப்புரிமைக்கும் சர்வதேச வகைப்பாட்டு எண் உண்டு. இயற்கை நாரை இயந்திரத்தால் பிரிக்கும் வேலைகள் ‘டி01பி’ என்ற பிரிவில் வரும். உங்கள் மிஷினைப் போன்ற ஓர் ஆவணம் கிடைத்தால், அதில் உள்ள எண்ணை எடுத்து அதையே திரும்பத் தேடுங்கள். என்ன சொல்லில் எழுதியிருந்தாலும் மாட்டும்.

மூன்றாம் படி, சங்கிலி. நல்ல ஆவணம் ஒன்று கிடைத்தால் அது மேற்கோள் காட்டும் பழைய ஆவணங்களையும், அதை மேற்கோள் காட்டும் புதியவற்றையும் பாருங்கள். அனுபவசாலிகள் அதிகம் கண்டுபிடிப்பது இந்த வழியில்தான்.

நான்காம் படி, உரிமைக்கோரல்கள். ஆவணத்தின் தலைப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ‘வாழை நார் பிரிக்கும் இயந்திரம்’ என்று தலைப்பு இருந்தால் உலகில் உள்ள எல்லா வாழை நார் மிஷினும் அவருக்குச் சொந்தம் என்று அர்த்தமல்ல. கடைசியில் எண் போட்டு வரும் ‘கிளெய்ம்ஸ்’ பகுதிதான் வேலி. அதில் முதல் வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுங்கள்: இத்தனை உருளை, இந்தக் கோணத்தில் கத்தி, இந்த இடத்தில் ஸ்பிரிங். பொதுவாக, அந்த அம்சங்கள் எல்லாமே, அப்படியே இல்லாவிட்டாலும் அதற்கு ஈடான வடிவிலாவது, உங்கள் மிஷினில் இருந்தால்தான் மீறல்.

இந்த வேலி எவ்வளவு முக்கியம் என்பதைச் சென்னையில் நடந்த ஒரு வழக்கு காட்டும். சிறிய இன்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை வைத்திருந்த பஜாஜ், 2007-ல் டிவிஎஸ் ‘ஃபிளேம்’ பைக்கை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. தங்கள் இன்ஜினில் மூன்று வால்வு, பஜாஜுடையதில் இரண்டு என்பது டிவிஎஸ் வாதங்களில் ஒன்று. 2008-ல் டிவிஎஸ்ஸுக்குத் தடை, 2009-ல் மேல்முறையீட்டில் தடை நீக்கம், பிறகு உச்ச நீதிமன்றம் என்று போன வழக்கு 2019-ல் சமரசத்தில் முடிந்தது. பெரிய கம்பெனிகளே பல வருஷம் ஓடிய பாதை இது. சின்னப் பட்டறைக்காரர் அந்த வாக்கியத்தை முதலிலேயே படித்துவிடுவது நல்லது.

‘பேட்டன்ட் ஆயிருச்சு’ என்றால் எது ஆகியிருக்கிறது?

இந்த ஒரு வார்த்தைக்குள் நான்கு நிலைகள் இருக்கின்றன.

1. விண்ணப்பித்தது: பணம் கட்டி எண் வாங்கியாயிற்று. யாரும் இன்னும் ஆராயவில்லை.

2. வெளியானது: வழக்கமாக 18 மாதம் கழித்து, காப்புரிமை இதழில் விண்ணப்பம் வெளியாகும். தனிக் கட்டணம் கட்டினால் முன்கூட்டியே வெளியாகும். இதுவும் அங்கீகாரம் அல்ல. ‘பப்ளிஷ் ஆயிருச்சு’ என்பதைத்தான் பலர் ‘காப்புரிமை பெற்றார்’ என்று போஸ்டர் அடிக்கிறார்கள்.

3. வழங்கப்பட்டது: ஆய்வாளர் ஆராய்ந்து, ஆட்சேபங்களுக்குப் பதில் வாங்கி, ‘கிராண்ட்’ செய்தது. இதுதான் காப்புரிமை.

4. உயிரோடு இருப்பது: கிராண்ட் ஆன பிறகும் மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் காலாவதி. மீட்க வாய்ப்பு உண்டு, அதற்கும் கால வரம்பு இருக்கிறது.

இரண்டாவது ஆள் சொன்ன ‘ஏற்கெனவே ஒருத்தர் பேட்டன்ட் வாங்கி வச்சிருக்காராம்’ என்பதை இப்போது சோதித்துப் பாருங்கள். அது வெறும் விண்ணப்பமா? இப்போதைக்கு அதை வைத்து வழக்குப் போட முடியாது. (ஆனால் நாளை கிராண்ட் ஆனால், விண்ணப்பம் வெளியான தேதியிலிருந்தே நஷ்டஈடு கேட்க வழி உண்டு. அதனால் அதைக் கண்காணிக்க வேண்டும்.) காலாவதியானதா? 20 ஆண்டு முடிந்ததா? இந்தியாவில் விண்ணப்பிக்கவே இல்லையா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. ‘உலகக் காப்புரிமை’ என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவிலும் சீனாவிலும் மட்டும் உள்ள காப்புரிமைக்கு இந்தியாவில் வலு இல்லை. அந்தத் தொழில்நுட்பத்தை வைத்துப் பேட்டையில் மிஷின் செய்து தென்காசியில் விற்கலாம். அந்த நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும்போதுதான் பிரச்சினை. பல நேரம் தேடலின் பெரிய லாபமே இதுதான். நீங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் சிக்கலுக்கு வேறொரு நாட்டில் ஒருவர் எழுதி வைத்த தீர்வு, இங்கே பொதுச் சொத்தாகக் கிடக்கலாம்.

இன்னொன்று: இல்லாத காப்புரிமையை இருப்பதாகச் சொல்லிப் பொருள் விற்பது சட்டப்படி தவறு. ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கான அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

தேடிவிட்டேன், புதுசுதான். அடுத்து?

முதலில் வாயை மூடுங்கள்! இன்ஸ்டாவில் ரீல்ஸ் போடுவதற்கும், கண்காட்சியில் வைப்பதற்கும், கல்லூரிக் கருத்தரங்கில் கட்டுரை படிப்பதற்கும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். நீங்களே வெளியிட்டாலும் புதுமை போய்விடும். சட்டத்தில் 12 மாதச் சலுகை இருக்கிறது, ஆனால் அரசு அறிவித்த கண்காட்சி, அறிவியல் சங்கக் கூட்டம் போன்ற சில சூழல்களுக்கு மட்டும்.

மிஷின் இன்னும் முழுமையாகவில்லை என்றால் ‘புரொவிஷனல்’ விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரத்தைத் தர வேண்டும். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. ஆய்வு செய்யக் கோரும் கட்டணம் 4,000 ரூபாய். காப்புரிமை முகவரின் கட்டணம் தனி. செலவில் பெரும்பகுதி அதுதான்.

ஆய்வு தானாக நடக்காது, நாம்தான் கோர வேண்டும். முன்பு இதற்கு 48 மாதம் அவகாசம் இருந்தது. 2024 மார்ச் 15-ல் அமலுக்கு வந்த திருத்த விதிகளின்படி, அதன் பிறகு போடப்படும் விண்ணப்பங்களுக்கு 31 மாதம்தான். தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். புராஜெக்டுக்காகக் கல்லூரியில் விண்ணப்பித்துவிட்டு வேலைக்குப் போய்விட்ட இளைஞர்கள் இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்வது நல்லது.

சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையம் இருக்கிறது. காப்புரிமைத் தேடல் குறித்து அங்கே வழிகாட்டல் கேட்கலாம்.

தேடலில் அகப்படாதவை

தேடலுக்கும் எல்லை உண்டு. கடந்த 18 மாதத்தில் போடப்பட்ட விண்ணப்பங்கள் இன்னும் மூடிய உறைக்குள் இருக்கும். ஆகவே ‘நான் தேடினேன், எதுவும் இல்லை’ என்பது உத்தரவாதம் அல்ல. பெரிய முதலீடு போடும் முன் முகவரிடம் முழுத் தேடல் செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு பெரிய இடைவெளி, எழுதப்படாத அறிவு. இதற்கு உதாரணம் தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையிலேயே இருக்கிறது. காணி பழங்குடியினர் இந்தப் பக்கம் பாபநாசம் மலையிலும், அந்தப் பக்கம் கேரளத்திலும் வாழ்கிறார்கள். 1987-ல் கேரளப் பகுதிக் காட்டில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் களைத்துப்போனபோது, உடன் வந்த காணிகள் களைப்பில்லாமல் நடந்தார்கள். அவர்கள் தின்றுகொண்டே வந்த காயைப் பற்றிக் கேட்டபோதுதான் ‘ஆரோக்கியப் பச்சை’ என்ற செடி வெளியே தெரிந்தது.

பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கிக் கோவை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிகளுக்குத் தருவதாக முடிவாகி, 1997-ல் அதற்கென அறக்கட்டளை பதிவானது. உலகம் பேசிய முன்மாதிரி அது. ஆனால் அங்கே காணிகளைக் காத்தது காப்புரிமைச் சட்டம் அல்ல, விஞ்ஞானிகள் எடுத்த முடிவு.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பாரம்பரிய அறிவு என்பது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(பி) பிரிவு. சித்த மருத்துவ நூல்கள் உட்பட, பழைய மருத்துவக் குறிப்புகளை ஐந்து சர்வதேச மொழிகளில் தொகுத்து, வெளிநாட்டுக் காப்புரிமை ஆய்வாளர்கள் தேடும்படி பாரம்பரிய அறிவு மின்னூலகம் வைத்திருக்கிறது. நம் நாட்டு உயிரி வளத்தை வைத்துக் காப்புரிமை கேட்பவர்கள் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையைக் கடந்தாக வேண்டும். ஆனாலும் ஏட்டில் ஏறிய அறிவுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு எளிதாகக் கிடைக்கிறது. வாயோடு நிற்பது தேடலில் வராது.

சரி, பேட்டை அண்ணாச்சி என்ன செய்யலாம்?

தேடலில் அவருக்கு மூன்றில் ஒன்று தெரியவரும். அவருடைய மாற்றம் புதுசு என்றால், ரீல்ஸுக்கு முன் புரொவிஷனல். அதே மாற்றத்துக்கு இந்தியாவில் உயிருள்ள காப்புரிமை இருந்தால், உரிமம் கேட்கலாம் அல்லது வேலிக்கு வெளியே வேறு மாதிரி வடிவமைக்கலாம். எங்கோ எழுதப்பட்டு இங்கே உரிமை இல்லாமல் கிடந்தால், காப்புரிமை கிடைக்காது, ஆனால் பயப்படாமல் செய்து விற்கலாம்.

மூன்றாவது விடை வந்தால் ஏமாற்றம்போல் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நஷ்டமல்ல. கிடைக்காத காப்புரிமைக்குச் செலவழிக்க இருந்த பணத்தில் இரண்டாவது மிஷினுக்கு இரும்பு வாங்கலாம்.